வெளியூர் மூக்கு

திரி அணைந்த வாடை. மண்ணெண்ணெய் அடுப்பை யாரோ வாயால் ஊதி அணைத்துவிட்டுப் போனது போல, அந்தக் கடைசிக் கரும்புகை மூக்குத்தண்டில் வந்து உட்கார்ந்தது போல. எங்கே? டிராமுக்குள். பிரான்சின் பொர்தோ நகரத்தில், ஆற்றை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிற வண்டிக்குள், மண்ணெண்ணெய் அடுப்பு எங்கிருந்து வரும். வராது. தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரு கிழவர் மடியில் நாய்க்குட்டி. அது வெளியே வேடிக்கை பார்த்தது. நாய்க்கே எதுவும் எரியவில்லை. எனக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைகிறது. காய்ச்சல் வந்து போனதிலிருந்து இப்படித்தான். உலகத்தில் இருப்பது எதுவும் எனக்கு மணப்பதில்லை, இல்லாதது ஒன்று மட்டும் மணக்கிறது. மல்லிகை இல்லை, மீன் இல்லை, சாக்கடை இல்லை, என் வியர்வையே எனக்கு இல்லை. எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் புதுச்சேரியில் எங்கள் சமையலறையிலிருந்து பழைய இரும்புக்காரனுக்குப் போன ஒரு அடுப்பு மட்டும் இருக்கிறது. அது வரும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். ஏனென்றால் ஒருநாள் நிஜமாகவே கேஸ் திறந்து கிடந்தது. நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளைகளின் பிரெஞ்சுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்த குளோரி அக்கா வாசலில் காலை வைத்தவுடனே அலறினாள். அன்றிலிருந்து இல்லாத அடுப்புக்கும் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இல்லாததைக் காவல் காக்கிற வேலை. இப்போதும் எழுந்துவிட்டேன். நல்லவேளையாக நிறுத்தம் வந்தது. பார்த்தவர்களுக்கு நான் இறங்குவதற்காக எழுந்தவள்.

ஷார்த்ரோன். ஒயின் வியாபாரிகளின் பேட்டை. "நேராகக் கிடங்குக்கு வந்துடாதே, சலேத்" என்று காலையில் கிளம்பும்போது ஒதீல் சொன்னாள். அவள் பேசுகிற பிரெஞ்சு எனக்குள் இறங்கும்போதே தமிழாகிவிடுகிறது, இருவரும் இங்கே ஒன்றாக வேலை பார்த்த இருபது சொச்சம் வயதிலிருந்து அப்படித்தான். "காபி குடிக்காதே. பற்பசை வேண்டாம், வெறும் தண்ணியில வாயைக் கொப்பளி. மத்தியானத்துக்கு மேல ஆத்தோரமா நடந்து, பேட்டையை ஒரு சுத்து சுத்தி, மூக்கைக் காத்துல கழுவிக்கிட்டு வா. கதவைத் திறந்து உள்ளே வைக்கிற முதல் மூச்சு இருக்கு பாரு, எனக்கு அது ஒண்ணுதான் வேணும். ரெண்டாவது மூச்சுல மூக்கு சமாதானமாயிடும். அப்புறம் நீயும் எங்களை மாதிரிதான்." எங்களை மாதிரி என்றால், உள்ளேயே கிடப்பவர்கள் மாதிரி. தன் வீட்டு வாடை தனக்குத் தெரியாது, விருந்தாளிக்குத்தான் தெரியும். ஒதீலின் கிடங்குக் கூரை போன இரண்டு குளிர்காலமும் ஒழுகியிருக்கிறது. அவள் அப்பா உயிரோடு இருந்தபோது உத்தரங்களுக்கு வண்டு துளைக்காமலிருக்க ஏதோ மருந்து பூசினார். மருந்து பூசிய மரம் நனைந்து பூஞ்சைக் காளான் பிடித்தால் அதிலிருந்து ஒரு வாடை பிறக்கும். அது காற்றிலே ஏறி, பீப்பாய் மரத்துக்குள் நுழைந்து, ஒயினைக் கெடுக்கும். உடனே நாறாது. முதலில் ஒயின் ஊமையாகும். பெல்ஜியத்திலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் அதைத்தான் சொல்லியிருக்கிறார், உங்கள் ஒயின் இந்த வருஷம் பேச மாட்டேன் என்கிறது, அம்மா, என்று. அவ்வளவுதான், ஒதீலுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமே என்று தொலைபேசியில் கேட்டேன். "ஒரு புட்டி அங்கே போனாப் போதும், சாயங்காலம் இந்தத் தெருவுல நாய்கூட என்னைப் பாத்து மூக்கைச் சுளிக்கும். முதல்ல நீ. வெளியிலிருந்து வர்ற மூக்கு வேணும், ஆனா இந்தக் கிடங்கு நல்லா இருந்தப்போ எப்படி மணக்கும்னு தெரிஞ்ச மூக்கா இருக்கணும். அப்படி உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது புதுச்சேரில பிள்ளைங்களுக்கு வினைச்சொல் நடத்திக்கிட்டிருக்கு." நான் சிரித்தேன். வருகிறேன் என்றேன். கெட்டது என்று நான் சொன்னால் பீப்பாய்கள் முழுவதையும் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்துவாள். நல்லது என்றால் அடுத்த வாரமே புட்டியில் அடைத்து அனுப்பிவிடுவாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

ஏன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அன்றைக்கே, அந்த நிமிடமே, ஒதீல், எனக்கு மூக்கு போய்விட்டது என்று ஐந்தாறு வார்த்தை. ஆனால் அவள் குரல் என்னை என் பழைய பெயரால் கூப்பிட்டது. நான் என்னவாக இருந்தேனோ அதை அவள் இன்னும் அங்கே பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற ஆசை. அப்புறம் இன்னொரு எண்ணம், கூச்சமாக இருக்கிறது, மாதாவுக்கு நேர்ந்துகொள்கிற மாதிரி ஒரு எண்ணம்: மணத்தைக் கற்றுக்கொண்ட இடத்துக்கே போனால் அது என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வருமோ என்று. டாக்டர் சொன்னார், வரலாம், வராமலும் போகலாம், வந்தால் முதலில் கோணல்மாணலாக வரும், காபி ரப்பர் மாதிரி, வெங்காயம் பிணம் மாதிரி, பயப்படாதீர்கள் என்று. எனக்குக் கோணலாகக்கூட எதுவும் வரவில்லை. ஆறு இதோ வலது கைப்பக்கம் ஓடுகிறது. ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரியாத காபித்தண்ணீர் நிறம். கடல் ஏறும்போது கரோன் ஆறு பின்னால் நடக்கும், இப்போது எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு குச்சி மிதந்தால் தேவலை. கல்வீடுகள் ஆற்றுக்கு முகம் காட்டி வரிசையாக நிற்கின்றன. முன்னால் வியாபாரியின் வீடு, பின்னால் ரயில் பெட்டிகளைக் கோத்தது போல நீண்டு நீண்டு போகிற கிடங்கு. ஐரிஷ்காரர், டச்சுக்காரர், ஜெர்மானியர் என்று எல்லாரும் நகரத்து மதிலுக்கு வெளியே வந்து உட்கார்ந்து கட்டியது. இந்தப் பேட்டையே வெளியூர்க்காரர் பேட்டைதான். கதவுக்கு மேலே, ஜன்னலுக்கு மேலே, கல்லில் செதுக்கிய முகங்கள். தாடிக்காரன், சிரிக்கிறவள், திராட்சைக்கொத்து முடிந்த தலை. தடித்த உதடும் சுருட்டை முடியுமாகச் சில முகங்கள், ஆட்களையே சரக்காக ஏற்றி விற்ற கப்பல்காரர்கள் அழகுக்காகச் செதுக்கி வைத்தவை. முன்பெல்லாம் இந்த முகங்களுக்கு அடியில் வேலைக்கு ஓடியிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்க்கிறேன். பாதி முகங்களுக்கு மூக்கு இல்லை. காற்றும் மழையும் கல்லை முதலில் எங்கே தின்னும், நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில்தானே. கண் இருக்கிறது, உதடு இருக்கிறது, நடுவில் வழவழவென்று ஒரு மேடு. கீழே போகிறவளைப் பார்க்கின்றன. இவளும் நம்மில் ஒருத்தி என்று பேசிக்கொள்ளாமல் இருந்தால் சரி. வேகமாக நடந்தேன்.

பையில் போன் அதிர்ந்தது. குளோரி அக்கா. "எங்கடி இருக்க? சொன்னியா இல்லையா அவகிட்ட?" இன்னும் இல்லக்கா. "இன்னும் இல்லையா! நேத்து ராத்திரி சொல்றேன்னியே." நேத்து ஸ்டேஷனுக்கே வந்துட்டாக்கா, கட்டிப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல, வீட்டுக்குப் போனதும் எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. "உனக்குத் தூக்கம் வரும். ஏன் வராது. மூக்கு இல்லாதவளுக்கு ஏரோப்ளேன் டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்கா பாரு, அவளுக்கில்ல தூக்கம் போகணும். என்னாத்தடி மோந்து பாக்கப் போற? போன வாரம் கெட்டுப்போன கருவாட்டுக் குழம்ப ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டவதானே நீ." அக்கா, நான் நடந்துக்கிட்டிருக்கேன். "நட. நடந்துகிட்டே சொல்லு அவகிட்ட. ஒரு பொம்பள பொழப்புடி அது. நீ பாட்டுக்கு நல்லாருக்குன்னு சொல்லி வச்சு, அது நல்லா இல்லாமப் போனா?" தெரியும்க்கா. "தெரியும் தெரியும்னு எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்க, ஒண்ணத்தயும் செய்ய மாட்ட. சரி, ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" போட்டிருக்கேன். "பொய் சொல்ற." போட்டுக்கொள்ளவில்லைதான். வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் காலில் சிக்கிய நூல் மாதிரி கூடவே வருகிறது. பொழப்பு. பொழப்பு. ஒரு பொம்பள பொழப்பு.

ஆற்றை விட்டு உள்ளே திரும்பினால் நோத்ர்தாம் தெரு. பழைய சாமான் கடைகள், நாற்காலிகள், நிலைக்கண்ணாடிகள், கண்ணாடிகளில் நான், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு வயதில். இந்தக் கிடங்குக் கதவு எனக்குத் தெரியும், உள்ளே இப்போது உடற்பயிற்சிக்கூடம், ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிற இயந்திரங்கள். அடுத்தது, யாரோ குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூனை. மழை நாளில் சுவரிலிருந்து ஒயின் மணக்கும் என்று இங்கே குடிவந்தவர்கள் சொல்வார்களாம், ஒதீல் சொன்னாள். சுவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இல்லையா, எனக்கும் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, பெயர் மட்டும் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. நாவல்பழம். கொடுக்காப்புளி. புதுச் செருப்புக்கடை. வெற்றிலைக் காம்பு. இந்தப் பேட்டைக்கு வந்த புதிதில் மேசையைச் சுற்றி எல்லாரும் கோப்பையைச் சுழற்றிவிட்டு ஊதாப்பூ, கறுப்புத் திராட்சைவத்தல், காட்டுத் தரை என்று சொல்லிக்கொண்டு போவார்கள், எனக்கு ஊதாப்பூவும் தெரியாது காட்டுத் தரையும் தெரியாது. உன் பெயர் என்ன என்றார்கள். சலேத்மேரி. ஆல்ப்ஸ் மலையில் மாதா காட்சி கொடுத்த ஊரின் பெயர் எப்படி இவ்வளவு கறுப்பாக இங்கே வந்து நிற்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, முகம் கேட்டது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது புளியங்கொட்டையை வறுத்த மாதிரி. இது மழை விட்ட பிறகு சர்ச் வாசல் மாதிரி. மற்றவர்கள் சிரித்தார்கள், ஒதீல் மட்டும் சிரிக்காமல் கோப்பையைத் திரும்ப எடுத்து முகர்ந்தாள். ஒருநாள் ஒரு பீப்பாயைத் திறந்து மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள், மூக்கைக் கிட்டே கொண்டுபோனவுடன் என் வாயிலிருந்து தமிழிலேயே வந்தது: கோணி. ரேஷன் கடையில் மழையில் நனைந்து, மூலையில் சுருட்டிப் போட்டு, காயவே காயாத கோணி. அவர்கள் நனைந்த அட்டைப்பெட்டி என்பார்கள் அதை; கெட்டுப்போனதற்கு அதுதான் அடையாளம். ஒதீலுக்கு அட்டைப்பெட்டியைவிடக் கோணி பிடித்துப்போயிற்று. வாங்க வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மேசைக்கடியில் என் காலை மிதித்து, "கோணி?" என்பாள், ஏதோ இந்தியப் பறவையின் பெயர் மாதிரி. இல்லை என்று நான் கண்ணால் சொல்லுவேன். போன மாதம் தொலைபேசியில் கடைசியாக அவள் சொன்னதும் அந்த வார்த்தைதான். "சலேத், கோணி வந்துடுச்சோன்னு பயமா இருக்கு."

தமிழில் எவ்வளவு சொல் வைத்திருக்கிறோம் இதற்கு. மணம், வாடை, வீச்சம், முடை, மொச்சை, சிக்கு. நெடி. மிளகாய் வறுத்தால் வருவது நெடி, அது மூக்குக்கு அல்ல தொண்டைக்கு, கண்ணுக்கு. நெடி எனக்கு இன்னும் தெரிகிறது. மிளகாய் வறுத்தால் தும்முகிறேன், பினாயில் கொட்டினால் கண் எரிகிறது. தும்மின ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டது என்று நினைப்பேன். அது வேறு வழி, வேறு நரம்பு என்றார் டாக்டர். மூக்கின் வீடு எரிந்துபோய்த் திண்டாடுகிறேன், பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். நேற்று ஸ்டேஷனில் ஒதீல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள், "இந்தியா போய்த் திரும்பினது!" என்று. இந்த ஊர்ப் பழங்கதை அது. அந்தக் காலத்தில் பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றி இந்தியப் பக்கம் அனுப்பி, இறக்காமலே திருப்பிக்கொண்டு வருவார்கள். சூட்டிலும் ஆட்டத்திலும் ஒயின் பக்குவப்பட்டு வரும், இந்தியா போய்த் திரும்பினது என்று எழுதி ஒட்டிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். சரி, திரும்பினதில் எத்தனை பீப்பாய் உள்ளுக்குள்ளே செத்துத் திரும்பியிருக்கும். வெளியே அதே மரம், அதே இரும்பு வளையம், அதே முத்திரை. திறக்கிறவரை யாருக்குத் தெரியும். திறந்த வியாபாரி என்ன செய்திருப்பான், எல்லாரும் சுற்றி நிற்க, கோப்பையை உயர்த்தி, ஆகா என்றிருப்பானோ. திரும்பவும் திரி அணைகிறது. இங்கேயா. கண்ணாடிக் கடை வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லை. இல்லை என்று தெரியும்.

மூலையில் சிவநேசனின் மளிகைக்கடை அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர், நான் இங்கே இருந்த கடைசி வருடங்களில் கடை போட்டவர், என் கையிலிருந்த மல்லித்தூள் டப்பா நிரம்பினது இவரால்தான். தண்ணீர் வாங்கலாம் என்று நுழைந்தேன். "சலேத் அக்கா எல்லே? கடவுளே! வாங்கோ வாங்கோ. என்னக்கா, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு." உங்களுக்கு நரைக்கக்கூட முடியைக் காணோமே, சிவநேசன். "அது உங்கட ஒயின் மாதிரி அக்கா, மூடி வச்சிருந்தும் ஆவியாப் போட்டுது." சிரித்தோம். ஒதீல் மதாமிட்ட வந்தனீங்களோ, எத்தனை நாள் நிப்பீங்கள், புதுச்சேரியில வெயில் எப்பிடி, மகள் இப்ப துலூஸிலே படிக்கிறா. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, அவர் முகத்தில் ஏதோ மாறுவதைப் பார்த்தேன். மூக்குத் துவாரம் விரிந்தது. "ஐயோ! பருப்பு!" பின்கட்டுக்கு ஓடினார். பாத்திரம் தொட்டியில் விழுகிற சத்தம், தண்ணீர் சீறுகிற சத்தம். அதற்கப்புறம்தான் எனக்குப் புகை தெரிந்தது, கண்ணுக்கு; பின்கட்டுத் திரைச்சீலையின் மேல்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, என் தலைக்கு மேலே வரைக்கும் வந்திருந்தது. அவர் கையை உதறிக்கொண்டு வந்தார். "என்னக்கா நீங்கள், பருப்பு கருகி இந்தத் தெருவே மணக்குது, சிலை மாதிரி நிக்கிறியள். உங்களுக்கு மணக்கேல்லையோ?" கொஞ்சம் ஜலதோஷம் என்றேன். "ஒயின் மணந்து பாக்கிற ஆளுக்குத் தடிமனோ! நல்ல கூத்து. ஆவி பிடியுங்கோ அக்கா. மதாமுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, உங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவா." பகடிதான். இஞ்சி ஒரு துண்டை ஒடித்துக் கையில் வைத்தார், காசு வேண்டாம் என்று சைகை. வெளியே வந்து முகர்ந்து பார்த்தேன். மரத்துண்டு. பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இரண்டு பொய்தான் இருக்கிறது, இரண்டே இரண்டு, நாணயத்தைச் சுண்டுகிற மாதிரி. நல்லது என்று சொல்லலாம். அது நல்லதாகவே இருந்துவிட்டால் நான் கண்டுபிடித்தவள் ஆகிவிடுவேன், யாருக்கும் எதுவும் தெரியாது, வருடத்துக்கு ஒருமுறை வா என்பாள், வருவேன், ஒவ்வொரு வருடமும் சுண்டுவேன். அது கெட்டதாக இருந்தால் புட்டி புட்டியாக அவள் பெயரை ஒட்டிக்கொண்டு வெளியே போகும், பெல்ஜியத்திலும் இன்னும் எங்கெல்லாமோ மேசை மேசையாகத் திறப்பார்கள். கெட்டது என்று சொல்லலாம். நல்ல ஒயினைச் சாக்கடையில் திறந்துவிடுவாள், சிவப்பாக ஓடும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், அதுவும் எனக்கு மணக்காது. இல்லாவிட்டால் உண்மை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அவள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள், நாய்கள் மூக்கைச் சுளிக்கும், பிழைத்தாலும் பிழைப்பாள். எனக்குத்தான் ஒன்று ஆகும். அவள் கண்ணில் நான் செத்துப்போவேன். அது மட்டும்தானா, அது மட்டும்தானே, அதற்கா இவ்வளவு சுற்று. சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தவுடன், முதல் மூச்சுக்கு முன்னாலேயே. ஒதீல், உட்கார், ஒன்று சொல்ல வேண்டும். இல்லை, உட்கார் என்றால் பயந்துவிடுவாள். நிற்கும்போதே. ஒதீல், எனக்கு. எனக்கு ஒரு விஷயம். பிரெஞ்சில் எப்படி ஆரம்பித்தாலும் அது ஒரு வேலைக்கான விண்ணப்பம் மாதிரி வருகிறது, தமிழில் ஆரம்பித்தால் அழுகை வருகிறது. கால் வந்து சேர்ந்துவிட்டது. பச்சைக் கதவு. சாயம் உரிந்திருக்கிறது. கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தது; இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"பேசாதே" என்றாள் ஒதீல். வாயில் விரலை வைத்து, கிட்டத்தட்ட கெஞ்சினாள். "வணக்கம்கூட வேணாம். மூச்சை வீணாக்காதே. உள்ளே போ, போ." கூந்தலை மேலே தூக்கிக் கட்டியிருந்தாள், கம்பளிச் சட்டையின் கை முழங்கை வரை ஏறியிருந்தது, நாற்பத்தெட்டு வயது முகத்தில் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பெண். ஒதுங்கி வழி விட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே நான் வாசற்படியைத் தாண்டினேன். இருட்டு, குளிர்ச்சி. இரண்டு பக்கமும் பீப்பாய்கள், மேலே உத்தரங்கள், கூரையைப் புதிதாக அடைத்த இடத்தில் வெளிறிய பலகை. மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான். குளிர் மட்டும் மூக்குக்குள் போய்த் திரும்பி வந்தது. சரி, இப்போது சொல்ல வேண்டும், திரும்பி அவளைப் பார்த்து. மூச்சு வெளியே போகிற கடைசி நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. அடுப்பு. இல்லை, அடுப்பு இல்லை. அடுப்புக்கு ஒரு கருப்பு இருக்கும், இதற்கு இல்லை, இது பழுப்பு, இது ஈரம். ரேஷன் கடை மூலை. நனைந்து, சுருட்டி, காயாமல். கோணி. இல்லை. வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன், நினைப்பு மூக்கில் ஏறியிருக்கிறது. ஒரு பேய் போய் இன்னொரு பேய். இதற்கும் இனிமேல் எழுந்து எழுந்து பார்க்க வேண்டும். ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது, வழி இருக்கிறது, பேயாக இருந்தால் கூடவே வரும். அடுப்பு என்னோடு கடல் தாண்டி டிராம் வரைக்கும் வரவில்லையா. கிடங்கில் இருப்பதாக இருந்தால் கிடங்கிலேயே நிற்கும். "இன்னொரு தடவை" என்று கையால் காட்டிவிட்டு வெளியே போனேன். ஒதீல் மறுக்கவில்லை, முகர்கிறவர்கள் இப்படிப் போய் வருவது வழக்கம்தான்.

தெருவில் நின்று, கண்ணை மூடி, இழுத்தேன். கோணி இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு சரக்கு வண்டி உறுமிக்கொண்டிருந்தது, அதன் பின்னாலிருந்து டீசல் வந்தது. டீசல். கோணல்மாணலாக இல்லை, டீசல் டீசலாகவே வந்தது. வண்டிக்காரர் படியில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார், அந்தத் தோலைக் கிள்ளும்போது தெறிக்கிற சின்னத் தூறல், அது தெருவைத் தாண்டி என் மூக்கில் வந்து விழுந்தது. ஆரஞ்சு. கடவுளே, ஆரஞ்சு. அவர் என்னைப் பார்த்து ஒரு சுளையை உயர்த்திக் காட்டினார், வேண்டுமா என்று. திரும்பக் கிடங்குக்குள் போனேன். இருந்தது. இப்போது உடனே இருந்தது, உத்தரத்திலிருந்து இறங்கி, பீப்பாய்க்குப் பீப்பாய், கடைசிச் சுவர் வரைக்கும், கோணி, ஐயமே இல்லாத கோணி. வெளியே வந்தேன். டீசல், ஆரஞ்சு, ஈரக்கல். உள்ளே கோணி. வெளியே ஆரஞ்சு. பேய் இல்லை. என்னோடு வரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன். வாய் தானாகத் திறந்துகொண்டது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறேன் போலிருக்கிறது, வண்டிக்காரர் தானும் சிரித்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மருந்து பூசின மரம், பீப்பாய் அத்தனையும், ஒரு பொம்பள பொழப்பு. தெரிந்தும் சந்தோஷம் நிற்கவில்லை, அது யாரைக் கேட்டு வந்தது, நிற்கச் சொன்னால் நிற்குமா, இன்னும் இன்னும் இழுக்கிறேன். திரும்பினேன். ஒதீல் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்தது. அவள் கை நெஞ்சுக்குப் போனது, தோள் இரண்டும் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போலத் தாழ்ந்தன. "சலேத்" என்றாள். "ஓ, சலேத்." இல்லை ஒதீல் என்று நான் வாயெடுப்பதற்குள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அழுதாள், சிரித்தாள், என் முதுகில் கையால் தட்டித் தட்டி நன்றி நன்றி என்றாள். அவள் கழுத்தில் சோப்பு மணத்தது. சோப்புக்கு அடியில், தூக்கிக் கட்டிய கூந்தலுக்குள்ளும், கோணி இருந்தது.